மாதுளைச் சாறும் ஞாயிற்றுக்கிழமை மாத்திரையும்

அப்பு,

போடிமெட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்பில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய். நேரில் என்றால் உன் முகத்தைப் பார்த்ததும் நான் பாதியில் நிறுத்திவிடுவேன். ஆட்களை ஏலக்காய் பறிக்க அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்து படி. சின்னமனூர்ச் சம்பந்தம் நின்றுபோய்விட்டது. பத்திரிகை அடித்த பிறகு, பந்தல்காரனுக்குச் சொன்ன பிறகு நின்றிருக்கிறது. நிறுத்தியது நான்தான். அவர்கள் ஏதோ கேள்விப்பட்டு நிறுத்திவிட்டார்கள் என்று நீ நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் நிறுத்தினேன் என்று சொல்ல, உன் முதல் பெண்டாட்டி செல்வியிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். உனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்தே எழுதுகிறேன். எது எது உனக்குத் தெரியும் என்பது உனக்கே தெரியும்.

செல்வியைப் பற்றி ஊருக்கு நாம் ஒரு கதை சொன்னோம். அவளுக்கு முன்னாலேயே மூட்டு வாதம் இருந்தது, தேவாரத்தில் இருக்கும் அவள் வீட்டார் மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள், மதுரை வரைக்கும் போய் வைத்தியம் பார்த்தோம், எந்த மருந்துக்கும் அவள் உடம்பு கேட்கவில்லை, வேறு வழியில்லாமல் கொண்டுபோய் விட்டோம். இந்தக் கதையை நான் கல்யாண வீடுகளில் சொன்னேன், ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பிரிக்கும் பெண்களிடம் சொன்னேன், சின்னமனூர்க்காரர்கள் மாப்பிள்ளை கேட்டு வந்தபோதும் சொன்னேன். மதுரைக்குப் போனோம் என்பது ஒன்றுதான் அதில் நிஜம்.

மாதுளை மேல் எனக்கு எப்படிப் பைத்தியம் பிடித்தது என்று உனக்கு நினைவிருக்காது. உனக்கு நாலு வயது. தோட்டத்து வீட்டிலேயே இருந்தோம். சாரல் விடாமல் அடித்து, ரோட்டில் மண் சரிந்து, மூன்று நாள் ஜீப்பு ஏறவில்லை. உன் அப்பா கீழே போடியில் மாட்டிக்கொண்டார். உனக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு, கண் உள்ளே போய்விட்டது. காயவைத்திருந்த மாதுளை ஓட்டைத் தட்டிக் கொதிக்கவைத்து, அந்தத் துவர்ப்புத் தண்ணீரை ஒரு வேளையும், உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை ஒரு வேளையுமாக மாற்றி மாற்றி ஊட்டினேன். மூன்றாம் நாள் நீ கஞ்சி கேட்டாய். அதற்குப் பிறகு தோட்டத்தில் யாருக்கு வயிறு சரியில்லை என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். வாய்ப்புண்ணுக்கு அந்தத் தண்ணீரைக் கொப்பளிக்கக் கொடுப்பேன், சோகை பிடித்த பெண்களுக்குப் பழத்தைப் பிழிந்து கொடுப்பேன். பாதிப்பேருக்குச் சரியாகும். சரியாகாதவர்கள் திரும்ப வந்து சொல்ல மாட்டார்கள். எட்டாவது வரைக்கும் படித்த ஒருத்தியிடம் நாலு பேர் வந்து நின்று மருந்து கேட்பது எவ்வளவு ருசியாக இருக்கும் என்று உனக்குச் சொன்னால் புரியாது. உன் அப்பா போன பிறகு எனக்கு இருந்த ஒரே மரியாதை அதுதான்.

செல்வி வந்தபோது அவள் விரல்களைப் பார்த்துத்தான் நான் சந்தோஷப்பட்டேன். காலேஜ் படித்த பெண் கிட்டங்கியில் வந்து உட்காருவாளா என்று நினைத்தேன். உட்கார்ந்தாள். பழகிய பெண்களே ஒரு முறை பார்த்துப் பிரிக்கும் ஏலக்காயை, அவள் தொட்டே பெரியது சிறியது, வெடித்தது வெடிக்காதது என்று தள்ளுவாள். கல்யாணமாகி இரண்டாவது வருஷம் காலையில் எழுந்தால் விரல் மடங்கவில்லை என்றாள். வெயில் ஏறினால் சரியாகிவிடும். பிறகு வெயில் ஏறியும் சரியாகவில்லை. மதுரையில் மூட்டு டாக்டரிடம் கூட்டிப்போனோம். நீ வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தாய். அவளை ரத்தம் எடுக்க உள்ளே கூட்டிப்போனார்கள். டாக்டர் என்னிடம்தான் சொன்னார்.

“இந்த மஞ்சள் மாத்திரை வாரத்துக்கு ஒருநாள் மட்டும். மத்த நாள்ல இந்தச் சத்து மாத்திரை. ஒன்னு ரொம்ப முக்கியம்மா. இதைச் சாப்பிடுற வரைக்கும் கர்ப்பம் ஆகக் கூடாது. குழந்தை வேணும்னா முன்கூட்டியே வந்து சொல்லச் சொல்லுங்க, அதுக்கு ஒத்துக்கிற வேற மருந்து மாத்தித் தர்றேன். நோயையும் கட்டுக்குள்ள வச்சுக்கிட்டு பிள்ளையும் பெத்துக்கலாம். ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிருங்க.”

நீ வந்ததும் தனியாகக் கூப்பிட்டு என்ன சொன்னேன்? “இந்த மாத்திரை சாப்புட்டா பிள்ளையே உண்டாகாதாம்ப்பு.” அவ்வளவுதான் சொன்னேன். வேறு மருந்து இருக்கிறது என்ற பாதியை விழுங்கிவிட்டேன். திட்டம் போட்டு விழுங்கவில்லை. உன் முகம் சுருங்கியது, இனி நான் என்ன செய்தாலும் நீ கேட்க மாட்டாய் என்று அப்போதே எனக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது. செல்வியிடம் எதையுமே சொல்லவில்லை.

முதல் மூன்று மாதம் ஞாயிறுதோறும் மாத்திரையைக் கொடுத்தேன். கூடவே தினமும் ஒரு டம்ளர் மாதுளைச் சாறு. வீக்கம் வடிந்தது, அவள் மறுபடி சப்பாத்தி தேய்த்தாள். என் போனில் யாரோ அனுப்பிய வீடியோ ஒன்று இருந்தது, மாதுளையின் சிவப்பில் வீக்கத்தை வற்றவைக்கும் சத்து இருக்கிறது, மூட்டுக்கு அதைவிட மருந்து கிடையாது என்று ஒருவர் பேசுவார். அதைப் போட்டுக் காட்டி, பார்த்தியா, என் சாறுதான் கேட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பினேன். இனிச் சாறே போதும், பேரப்பிள்ளையும் வேண்டும் என்று நினைத்தேன், அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. அட்டையை அழுத்தி மாத்திரையை எடுக்க அவள் கட்டைவிரலுக்கு இன்னும் தெம்பு வராததால் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். வாரத்து மாத்திரையும் மஞ்சள், சத்து மாத்திரையும் மஞ்சள், இரண்டும் மிளகு அளவுதான். ஞாயிறன்றும் சத்து மாத்திரையையே அவள் வாயில் போட்டேன். மற்றதைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். “நீங்க மட்டும் இல்லாட்டி நான் என்ன செய்வேன் அத்தே” என்று அவள் ஒவ்வொரு வாரமும் சொல்லுவாள். பதினான்கு மாதம் அப்படிச் சொன்னாள்.

நோய் திரும்பி வந்தது. முன்னைவிடக் கோபமாக வந்தது. மருந்து சாப்பிட்டும் இப்படி ஆகிறதே, மதுரைக்குப் போவோம் என்று அழுதாள். “சாறை முகஞ்சுளிச்சுக் குடிச்சா எப்படிக் கேக்கும்?” என்றேன். மாதுளை ஓட்டையும் சேர்த்துக் காய்ச்சினேன். வெறும் வயிற்றில் அந்தத் துவர்ப்பு இறங்காமல் வாந்தி எடுப்பாள், நாலைந்து நாள் மலம் போகாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடப்பாள். வாந்தி எடுத்தால் இன்னொரு டம்ளர் கொடுப்பேன். கை முடங்காமல் இருக்க வேலை செய்ய வேண்டும் என்று சொல்லி அம்மியில் அரைக்கவிட்டேன். வீட்டில் மிக்சி இருந்தது.

ஒருநாளை உனக்குச் சொல்கிறேன், அன்று நீ மலையில் இருந்தாய். செல்வி குளித்துவிட்டு வந்து என் அறை வாசலில் நின்றாள். ரவிக்கைக் கொக்கியை அவளால் மாட்ட முடியவில்லை. துண்டைப் போர்த்திக்கொண்டு, “அத்தே, கொஞ்சம் மாட்டிவிடுங்களேன்” என்றாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். “நாலு கொக்கி மாட்டத் துப்பில்லாதவ பிள்ளையத் தூக்கி எப்படித்தா வளப்ப? எம் மகன் வந்து மாட்டுவான், போ” என்றேன். சாயங்காலம் நீ இறங்கி வரும் வரைக்கும் அவள் துண்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிட வெளியே வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. கதவு இடுக்கு வழியாக இரண்டு முறை எட்டிப்பார்த்தேன். பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஒரு திருப்தி இருந்தது. இதை எழுத எனக்கு வெகுநேரம் ஆகியிருக்கிறது.

நீயும் உன் பங்குக்குச் செய்தாய். உன் சிநேகிதர்கள் வந்திருந்தபோது அவள் கையிலிருந்து காப்பித் தட்டு விழுந்தது. எல்லாருக்கும் முன்னால் “நடிக்காதடி” என்றாய். அவள் குனிந்து பீங்கான் சில்லுகளை உள்ளங்கையால் கூட்டிக் கூட்டிச் சேர்த்தாள், விரலால் பொறுக்க முடியாமல். உன் சிநேகிதன் ஒருவன்தான் எழுந்து உதவினான். அடுத்த மாதம் அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டுபோய்த் தேவாரத்தில் அவள் அப்பா வீட்டு வாசலில் விட்டாய், நானும் கூட வந்தேன். பிரிவதற்குச் சம்மதம் என்று கோர்ட்டில் கையெழுத்துப் போடச் சொன்னபோது பேனா அவள் பிடியில் நிற்கவில்லை. பட்டம் வாங்கிய பெண் கைநாட்டு வைத்தாள். பெருவிரலை மையில் அழுத்தவே அவள் அப்பா பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நீ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் மாதுளையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன், சத்தியமாக. இன்னும் கொஞ்ச காலம் ஒழுங்காகக் குடித்திருந்தால் சரியாகியிருக்குமே என்று.

போன வருஷம் எனக்கே மணிக்கட்டு வீங்கியது. காலையில் எழுந்தால் விரல் மடங்கவில்லை. அப்போது எனக்கு மாதுளை ஞாபகத்துக்குக்கூட வரவில்லை அப்பு. ஒருநாள்கூடக் காத்திருக்கவில்லை. உன்னிடம் முட்டிவலி என்று பொய் சொல்லிவிட்டு முதல் பஸ்சில் மதுரைக்கு, அதே டாக்டரிடம் ஓடினேன். அதே மஞ்சள் மாத்திரை எழுதினார். வாரத்துக்கு ஒன்று. ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் சாப்பிட்டேன். இப்போது ஈரச் சேலையைப் பிழிகிறேன், இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். குணமானதும் ஒருநாள் அவரிடம் கேட்டேன், மாதுளை இதற்குக் கேட்காதா என்று. அவர் சிரிக்கவில்லை. “நல்ல பழம்மா, தாராளமா சாப்பிடுங்க. வீக்கத்தைக் குறைக்கிற குணம் அதுல இருக்குன்னு சோதனைக்கூடத்துல பாத்திருக்காங்க, பொய்யில்ல. ஆனா உங்க மூட்டுக்குள்ள நடக்குற சண்டைய நிறுத்துற பலம் அதுக்குக் கிடையாது. மாத்திரையோட சேத்துக்கலாம், மாத்திரைய எடுத்துட்டு அதை வைக்க முடியாது. மருந்தில்லாம விட்டா எலும்பு அரிச்சு விரல் கோணிரும். கோணினது திரும்பாது” என்றார். சின்ன வயதில் நீ பிழைத்ததைச் சொன்னேன். “மாதுளை ஓடும் கொஞ்சம் கைகொடுத்திருக்கும். பெரும்பாலும் அந்த உப்பு சர்க்கரைத் தண்ணிதான் காப்பாத்துச்சு” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் என் முப்பது வருஷப் பெருமை போய்விட்டது.

அப்போதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. உன்னைப்போலத்தான் நானும், தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிட நினைத்தேன். பூ வைக்கப் போன அன்று சின்னமனூரில் அந்தப் பெண்ணின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மறைக்க விரும்பல மதினி, அவளுக்குத் தைராய்டு. தெனம் காலையில ஒரு மாத்திரை போடணும், வேற ஒன்னும் இல்ல” என்றாள். நீ பின்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தாய். சிரித்துக்கொண்டு சொன்னாய், “அதெல்லாம் எங்க வீட்டுக்கு வந்தா தேவைப்படாது அத்தே. எங்கம்மா கைவைத்தியத்துலயே பாத்துக்கும்.” என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாய். அறியாமல் பேசுகிறவன் கண்ணைச் சிமிட்ட மாட்டான்.

முந்தாநாள் காலை தேவாரத்துக்குப் போனேன். செல்வி முன்னறையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சாக்பீசை மூடிய கைக்குள் குத்திவைத்துப் போர்டில் எழுதினாள். என்னைப் பார்த்ததும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, “உக்காருங்க அத்தே” என்றாள். விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. அவள் அப்பா மக்காச்சோளக் காட்டிலிருந்து வந்து கதவருகில் நின்றார். இரண்டு மஞ்சள் மாத்திரைகளைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னேன். முடித்ததும் அவள் நிதானமாகச் சொன்னாள்.

“இங்க வந்தப்பறம் அதே டாக்டர்ட்டத்தான் போனோம். அந்த மாத்திரையவே எழுதப்போனாரு. வேணாம் டாக்டர், ஒன்றரை வருசம் சாப்புட்டும் எனக்குக் கேக்கல, எங்க அத்தை ஒரு வாரம் தவறாமக் குடுத்தாங்கன்னு நான்தான் சொன்னேன். அதனால வேற வேற மருந்தா மாத்திப் பாத்தாங்க. ஒன்னுல மஞ்சக்காமாலை வந்துச்சு. ஒன்னுல முடியெல்லாம் கொட்டுச்சு. எது சேருதுன்னு கண்டுபிடிக்கவே ரெண்டு வருசம் ஓடிப்போச்சு. இந்த வெரலு அந்த ரெண்டு வருசத்துல கோணுனது அத்தே.”

அவள் அப்பா வெளியே போய்விட்டார். அவர் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தது கேட்டது. செல்வி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “அவருக்குத் தெரியுமா?”

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பெற்றவள் வாய் அப்படித்தான் திறக்கும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கண்முன் வந்தது. உனக்கும் வந்திருக்கும். நான் சமையலறைத் தொட்டியருகே நிற்கிறேன், உள்ளங்கையில் இரண்டு மாத்திரை. நீ உள்ளே வந்தாய். ஒன்றைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்ததைப் பார்த்தாய். மேடைமேல் கிடந்த அட்டையை எடுத்துப் பெயரைப் படித்தாய், மறுபடி வைத்தாய். “காப்பி இருக்காம்மா?” என்று கேட்டாய். கொடுத்தேன். குடித்துக்கொண்டே கூடத்துக்குப் போய் அவளிடம், “மாத்திரை போட்டியா?” என்றாய். “போட்டேன்” என்றாள். “ம், ஒழுங்கா போடு” என்றாய். அதன் பிறகு ஒன்பது மாதம் அவள் நம் வீட்டில் இருந்தாள். ஒருநாள் நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் இன்று பேனா பிடிப்பாள். நான் செய்ததைவிட நீ செய்தது சின்னது என்று எத்தனையோ நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அளக்கத் தெரியவில்லை எனக்கு.

“தெரியும்” என்றேன். செல்வி அழவில்லை. போர்டில் இருந்த கணக்கை உள்ளங்கையால் அழித்தாள். பிறகு, “எந்திரிங்க அத்தே. சின்னமனூருக்குப் போவோம், எங்கப்பா கூட்டிட்டுப் போவாரு. எங்கிட்ட சொன்னத அப்படியே அங்க சொல்லுங்க. நானும் வர்றேன். நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் என் கைய அவங்க பாக்குற மாதிரி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்” என்றாள்.

அப்படியே செய்தாள். சின்னமனூர் வீட்டில் சம்பந்தி வந்திருக்கிறாள் என்று பலகாரம் வைத்தார்கள். நான் பேசப் பேச அந்த அம்மாள் பலகாரத் தட்டை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துப்போனாள். பெண் மட்டும் வந்து செல்வி எதிரில் தரையில் உட்கார்ந்து, அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள், “எம் மாத்திரையவும் நீங்கதான் எடுத்துக் குடுக்கிறதா இருந்துச்சா?” அவள் எழுந்து, நாம் வைத்த பூச்சேலையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பும்போது வண்டியில் செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். “முடியாது அத்தே” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அப்பாவிடம் கண்ணாடியை ஏற்றச் சொன்னாள், தூசி வருகிறது என்று. அவ்வளவுதான். என்னைப் போடி பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார்கள்.

பிள்ளைக்கு எழுதும் கடிதத்தில் புத்தி சொல்ல வேண்டும். எனக்கு அந்தத் தகுதி போய்விட்டது, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். என்றாவது ஒரு நாள் யாராவது ஒருத்தி உன்னோடு வாழ வந்தால், அவள் மாத்திரை அவள் கையில் இருக்கட்டும். அவள் விரலால் எடுக்க முடியாவிட்டால் நீ எடுத்துக் கொடு, கொடுக்கும் முன் அட்டையில் இருக்கும் பெயரை அவளுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படி. உனக்குப் படிக்கத் தெரியும். அன்றைக்கும் படித்தாய்.

நாளைக் காலை செல்வியின் அப்பாவோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். நேற்று மறுபடி தேவாரத்துக்குப் போனேன், புகாரை அவர் அப்போதே எழுதிவிட்டார். முதலில் என் பெயர். இரண்டாவது பெயரை எழுதலாமா என்று பேனாவை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார், பெற்றவள் உட்கார்ந்திருக்கிறாளே என்று. எழுதுங்கள் என்றேன். உன் பெயர், உன் அப்பா பெயர், கதவு எண், தோட்டத்து விலாசம், எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டி நானே சொன்னேன்.

உன் அம்மா.